வாயைக் காத்தவனுக்கு ஒரு சொல்

மெங் சிருய் ஒரு நாளைக்கு முப்பது சொற்களை மொழிபெயர்ப்பார். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அந்தச் சொல்லைத் தான் விரும்பியபடி அச்சில் ஏற்றிவிட்டால், செத்துப்போன ஒரு மனிதருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்ததாகும் என்று நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் இரண்டு பேருக்குமே புத்தி போதவில்லை.

வூஹானில் கணிதப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் அப்போது எனக்கு வேலை. 1986 கடைசியில் ஆங்கில–சீனக் கணித அகராதி ஒன்றைப் புதிதாகப் போடுவது என்று முடிவாயிற்று. அதில் ஆட்டக் கோட்பாடு என்ற பகுதி மெங் வாத்தியாரிடம் வந்தது. எதிராளி என்ன செய்வான் என்று யோசித்து, அதை வைத்து நாம் என்ன செய்வது என்று கணக்குப் போடும் சாத்திரம் அது. கல்யாணமான எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னை அவருக்கு எதிர் மேஜையில் உட்காரவைத்தார்கள்.

அவருக்கு அறுபது வயது. ஒல்லியான உடம்பு, இரண்டு முழங்கையிலும் நீல உறை, ஜாம் பாட்டிலில் தேநீர். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதற்கும் புது அட்டை வாங்கமாட்டார். நூலகத்தில் கழித்துப்போட்ட அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுவார். எனக்கு முப்பத்தேழு வயதாகியும் அவருக்கு நான் சின்ன ஜியாங்தான். புதுச் சொல் ஒன்று கிடைத்ததும் எழுந்து ஜன்னலோரம் போய், காய்கறிக்காரன் மாதிரி அதைக் கூவிப் பார்ப்பார். சந்தையில் கூவ முடியாத சொல் உருப்படாது என்பது அவர் கட்சி. கீழே சைக்கிள் நிறுத்துகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

இருநூற்றுப் பதினேழாம் அட்டை வந்தபோது மட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த அட்டை இரண்டு கைதிகளின் கதையைச் சேர்ந்தது. திருடர்கள் இருவரைப் பிடித்துத் தனித்தனி அறையில் அடைக்கிறார்கள். நீ ஒப்புக்கொண்டு அவன் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீ வீட்டுக்குப் போகலாம், அவனுக்குப் பத்து வருஷம் என்று இருவரிடமும் சொல்கிறார்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் ஆளுக்கு ஆறு வருஷம். இருவருமே வாயைத் திறக்காவிட்டால் ஆளுக்கு ஒன்று. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதை விளக்க இரண்டு பக்கம் செலவழிப்பார்கள். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒப்புக்கொள்வதற்குச் சொல் தயாராக இருந்தது. தான்பாய். ஒப்புக்கொண்டால் தயவு, எதிர்த்தால் தண்டனை என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து சுவரெல்லாம் பார்த்த வாசகத்தின் முதல் சொல் அது. ஒப்புக்கொள்ளாததற்கும் எல்லோரும் வகுப்புக் குறிப்புகளில் ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தீலாய். செய்ததைச் செய்துவிட்டு, வெட்கமில்லாமல் இல்லவே இல்லை என்று சாதிப்பது. ஆங்கிலச் சொல்லில் வெட்கமும் கிடையாது, சாதிப்பதும் கிடையாது. ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கூவிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"அது ஏற்கெனவே கூவின சொல்லு. உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும். வாத்தியார்களை மேடையேற்றித் தூற்றிய 1968இல், பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தில் அந்தச் சொல்லைக் கூவிய ஆயிரம் பேரில் நானும் ஒருத்தி. என் அப்பா அங்கே உணவுக்கூடத்தில் சமையல்காரர், எனக்கு வயது பத்தொன்பது. மேடையில் கழுத்தில் பலகையோடு நின்றவர் ஃபெய் சோங்யூ. கணிதத் துறையில் மெங் வாத்தியாருக்கு அடுத்த நாற்காலி. பலகையில் அவர் பெயரும் கீழே தீலாய் என்ற இரண்டு சீன எழுத்தும் இருந்தன. அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினேன், நன்றாகவே கத்தினேன்.

என்ன நடந்தது என்பதை மெங் வாத்தியாரே அந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னார். எல்லாம் ஒரு தப்பான சொல்லில் ஆரம்பித்தது. 1962இல் அவரும் ஃபெய்யும் ஓர் அமெரிக்கப் புத்தகத்தைச் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். மெழுகுத்தாளில் எஃகுப் பேனாவால் கீறிப் படியெடுத்த குறிப்பேடு. கீறியது ஃபெய், அவர் கையெழுத்து அவ்வளவு அழகு. ஆட்டத்தின் முடிவில் ஒருவனுக்குக் கிடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மெங் வாத்தியார் பணம் 'கட்டுதல்' என்று மொழிபெயர்த்துவிட்டார். கைக்கு வருவது கையைவிட்டுப் போவதாகிவிட்டது. மாணவர்கள் அட்டவணையைத் தலைகீழாகப் படித்து, தோற்கிறவனே கெட்டிக்காரன் என்று விடை எழுதினார்கள். ஃபெய் துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம்: "மெங்கோட புத்தகத்துல எல்லாரும் கட்டறாங்கப்பா, ஒருத்தனும் வாங்கறதில்ல."

மெங் வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகம் எழுதியவரையே கேட்டுவிடலாம் என்றார். கேள்வி அவருடையது, யோசனையும் அவருடையது. ஃபெய்யின் கையெழுத்து நன்றாக இருக்குமே என்று அவரை எழுதச் சொன்னார். ஃபெய் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, தபாலில் சேர்த்தார். பதில் வரவில்லை. ஆறு வருஷம் கழித்து அந்தக் கடிதத்தின் நகல் ஒரு மேஜை இழுப்பறையிலிருந்து கிளம்பியது. வெளிநாட்டோடு கள்ளத் தொடர்பு என்றார்கள். இருவரையும் துறைக் கட்டடத்திலேயே பிடித்துவைத்தார்கள். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே.

"பதினோரு பக்கம் எழுதினேன், சின்ன ஜியாங்," என்றார் மெங் வாத்தியார். கையிலிருந்த நூடுல்ஸ் ஆறிப்போய் எள் விழுது இறுகிவிட்டிருந்தது. "பத்து பக்கமும் நெஜம். பதினோராவது பக்கத்துல ஒரே ஒரு வரி. லெட்டர் எழுதற யோசனை ஃபெய்யோடதுன்னு. அந்த வரிக்காகத்தான் மீதி பத்து பக்கமும்."

"அவரு?"

"யாரோட யோசனைன்னு அவனையும் கேட்டிருக்காங்க. எட்டு நாள் கேட்டாங்க. வாயே திறக்கல."

மெங் வாத்தியார் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போனார். மைதானக் கூட்டத்தன்று அவரை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஃபெய்யை ஏரிக்கரைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம் சேற்றில் நின்று, தண்ணீர் நத்தையால் பரவும் அந்தப் பக்கத்து நத்தைக் காய்ச்சல் வந்து, வயிறு ஊதி 1975இல் செத்துப்போனார். நான்கு வருஷம் கழித்து, தவறு நடந்துவிட்டது என்று முத்திரை குத்திய காகிதம் ஒன்று அவர் மனைவிக்கு வந்தது. கடிதம் யாருடைய யோசனை என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் கைதிகளின் அட்டவணையில், வாயைத் திறக்காதவனின் கட்டத்தில் 'தீலாய்' என்று அகராதியே முத்திரை குத்தப்போகிறது. அதன்பிறகு பாடப்புத்தகங்கள் எல்லாம் அதையே போடும். வருஷா வருஷம் பிள்ளைகள் அதைக் கரும்பலகையில் எழுதுவார்கள். மெங் வாத்தியாரால் அதைத் தாங்க முடியவில்லை. இன்னொன்றும் சொன்னார். அந்த அட்டவணையில் எண்கள் எல்லாம் சிறைவாச வருஷங்கள் என்பதால், இந்த ஒரு இடத்தில் மட்டும் தன்னுடைய பழைய தப்பு சரியாகிவிடுகிறதாம். இங்கே யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை, கட்டத்தான் வேண்டும். இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பதினான்கு மாதத்தில் அந்த அட்டையில் ஒன்பது சொற்களை எழுதி அடித்தார். அகராதிச் சொற்களை முடிவுசெய்யும் குழுவின் விதிப்படி சீனத்தில் இரண்டே எழுத்தில் இருக்க வேண்டும். 'ஒப்புக்கொள்ளாமை' என்றால் சீனத்தில் மூன்று எழுத்து. 'மௌனம்' என்றால் ஊமைக்கும் பொருந்தும் என்று அடித்தார். கடைசியில் 'ஷோகோவ்' என்பதில் வந்து நின்றார். ஷோ என்றால் காப்பது, கோட்டையைக் காக்கிறவன் காக்கிறானே அந்தக் காப்பு. கோவ் என்றால் வாய். இதையும் அவர் ஜன்னலோரம் போய்க் கூவவில்லை. மேஜையில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் என் குளுக்கோஸ் பாட்டில் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். நாட்டின் தெற்குப் பாதியில் கட்டடங்களைச் சூடேற்றும் குழாய் கிடையாது என்பது மேலிடத்துச் சட்டம். ஜனவரியில் எங்கள் அறையில் மசி உறையும். ஆஸ்பத்திரியில் ஏற்றி முடித்த கண்ணாடி குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வோம். குடியிருப்பு மருந்தகத்தில் காலி பாட்டில்களைக் கழுவிக் கொடுத்தது யின் அத்தை. ஃபெய்யின் மனைவி. மெங் வாத்தியார் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. இவர் பால்கனியில் உப்புக்கண்டம் போட்ட மீனைக் காயவைத்தால் அங்கிருந்து தெரியும். இருபது வருஷமாக இருவரும் பேசியதில்லை. மெங் வாத்தியார் மருந்தகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், இருமல் வந்தால்கூட ஆற்றைத் தாண்டிப் போய் மருந்து வாங்குவார். ஆகவே வருஷா வருஷம் நான் போய் இரண்டு பாட்டில் கேட்பேன். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று வீட்டுக்கு என்று பொய் சொல்வேன். யின் அத்தை எதுவும் கேட்காமல் இரண்டைக் கொடுப்பாள்.

1988 பிப்ரவரியில் குழு கூடியது. ஆற்றுக்கு அக்கரையில் ஹான்கோவ் பகுதியில் ஒரு விருந்தினர் விடுதி. பதினோரு பேர், நீள மேஜை, தட்டுகளில் சூரியகாந்தி விதை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. தலைவர் சூய் கெட்ட மனிதர் அல்ல. நாற்பத்தைந்து வயது, கெட்டிக்காரர், பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. இருநூறு சொற்கள் மளமளவென்று முடிந்தன. இருநூற்றுப் பதினேழில் மெங் வாத்தியார் எழுந்து ஷோகோவ் என்றார். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது, தீலாய் என்றால் என்ன கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று பத்து நிமிஷம் ஒழுங்காகப் பேசினார்.

சூய் பொறுமையாகக் கேட்டார். "நல்ல சொல்லுதான், மெங் வாத்தியாரே. ஆனா வாயைக் காக்கறவன் யாரு? எதிரி கையில மாட்டின சிப்பாய். இவன் திருட்டுப்பய. திருடினதும் இவன்தான்னு கதையிலேயே இருக்கு. அவனுக்கு எதுக்கு இந்த மரியாதை?"

மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள். திருடனுக்கு மெடலும் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

சூய் கையமர்த்தினார். "இல்ல, கிண்டல் வேண்டாம். வாத்தியார் இவ்வளவு தூரம் நிக்கறார்னா காரணம் இருக்கும். சொல்லுங்க. சரியான காரணமா இருந்தா மாத்திடுவோம்."

அது ஒப்புக்கான பேச்சல்ல. அவர் நிஜமாகவே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அறையில் ஃபெய்யை நேரில் அறிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். திருடாமலேயே வாயைத் திறக்காத ஒருவன் இருந்தான், அவன் பெயர் இது, அவனை மாட்டிவிட்டவன் நான் என்று மூன்று வாக்கியம் போதும். சொல் மாறியிருக்கும்.

மெங் வாத்தியார் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாயைத் திறந்தார். நான் பேனாவோடு காத்திருந்தேன். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"காரணம்னு ஒண்ணும் இல்ல. காதுக்கு நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேச வேண்டாத இடத்தில் பதினோரு பக்கம் பேசியவர், பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் குறிப்பில் எழுதினேன்: 217, தீலாய், ஆட்சேபம் இல்லை. என் கையெழுத்தில்தான் அது இன்றும் கோப்பில் இருக்கிறது.

திரும்பும்போது படகில் ஒரே மூடுபனி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கேட்டார்களே, நீங்கள் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உனக்கும்தான் தெரியும்," என்றார். "நீ சொல்லியிருக்கலாமே."



அந்த வருஷக் கடைசியில் அகராதி வந்தது. பச்சை அட்டை, நல்ல தாள். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு யின் அத்தையிடம் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மெங் வாத்தியார் முயற்சியாவது செய்தார் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்திருப்பேன். யின் அத்தை தாமரைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் பதினான்கு மாதக் கதையையும் ஒன்பது சொற்களையும் சொன்னேன். மைதானத்தில் நானும் கத்தினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, அந்த இரண்டு எழுத்தையும் தூரப் பிடித்துப் படித்தாள்.

"இதை எங்க வீட்டுக் கதவுலயும் ஒட்டியிருந்தாங்க. வெந்நி ஊத்திச் சுரண்டினேன், மூணு நாளாச்சு," என்றாள். "பழகிப்போச்சு. இதை மாத்தி எனக்கு என்ன ஆகப்போகுது?"

அவருக்கு மனசு கேட்கவில்லை அத்தை என்றேன்.

"மனசு கேக்கலைன்னா எதுத்தாப்லதானே இருக்கேன்? அறுபது படி. அச்சுல யாருக்கு வேணும்? என் வாசல்ல வந்து, யோசனை என்னோடதுன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா போதும். அது யாரோட யோசனைன்னு எனக்குத் தெரியாதா என்ன? எம் புருஷன் அந்த லெட்டரை எழுதிட்டு வந்து, மெங்குக்கு ரோஷத்தைப் பாருன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு." கிழங்கை மறுபடி கையில் எடுத்தாள். "வருஷா வருஷம் நீ வாங்கிட்டுப் போற ரெண்டாவது பாட்டில் எங்க போகுதுன்னும் தெரியும். அதுக்காவது அந்த ஆளு நேர்ல வருவாருன்னு பாத்தேன்."

அங்கிருந்து நேரே எதிர்க் கட்டடத்துக்குப் போய் மெங் வாத்தியாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் எழுந்து கோட்டை மாட்டினார். பொத்தான் எல்லாம் போட்டார், தொப்பியையும் வைத்துக்கொண்டார். கதவு வரை போனார். ஜன்னல் வழியாக மூன்றாவது மாடி விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"சாப்பிடற நேரம். நாளைக்குப் போறேன்," என்றார்.

மறுநாளும் நாளைக்கு என்றார். புத்தாண்டு முடியட்டும் என்றார், பிறகு மழை விடட்டும் என்றார். நான் திட்டினேன், கெஞ்சினேன், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். மார்ச் பதினொன்றாம் தேதி காலை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ஏதோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஏழாம் நாள் போய்விட்டார். அட்டைப் பெட்டியை மகன் என்னிடம் கொடுத்தான். இருநூற்றுப் பதினேழில் ஒன்பது அடித்த சொற்களுக்குக் கீழே ஷோகோவ் மட்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

அடுத்த டிசம்பரில் குளிர் ஆரம்பித்ததும் மருந்தகத்துக்குப் போனேன். யின் அத்தை என்னைப் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். இரண்டும் கழுவித் துடைத்து வைத்திருந்தவை. நான் ஒன்றை எடுத்தேன். இன்னொன்றை எடுக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளும் அப்போதுதான் கவனித்தாள். மிஞ்சிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மைதானத்துல நானும் கத்தினேன், அத்தை," என்றேன்.

"தெரியும். மூணாவது வரிசை, சிவப்பு ரிப்பன்," என்றாள் யின் அத்தை. அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் என் பாட்டிலோடு வெளியே வந்தேன்.